கழற்றி மாட்டும் சுவர்

பத்து நாளில் ஒரு படத்தை எடுத்து முடிக்கிற இடத்தில் யாருக்கும் எதற்கும் நேரம் இருக்காது, பொய் சொல்வதற்கு மட்டும் இருக்கும். பெலிகன் பிக்சர்ஸ் என்று போர்டு மாட்டிய அந்தத் தகரக் கொட்டகை ஹாலிவுட்டின் பின்சந்தில், பழைய டயர் விற்கிறவனுக்கும் ஒரு சலவைக் கடைக்கும் நடுவே இருந்தது. தயாரிப்பாளர், டைரக்டர் இரண்டுமே மோரி செல்ட்ஸர்தான். சாப்பாட்டு நேரத்தை இருபது நிமிஷமாகக் குறைத்த மகராசன்.

அங்கே ஆறு நாளாக ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தான் ஆரின் ஹாஸ்கல். போர்ட் ஆல்டன் என்கிற துறைமுக ஊரின் போலீஸ் சார்ஜன்ட். படத்துக்கு ஆலோசகராக இரு என்று இலாகாவே அவனை அனுப்பி வைத்திருந்தது. விலங்கை எப்படி மாட்டுவது, தொப்பியை எப்படி வைப்பது என்று நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இலாகா இரண்டு ரோந்து கார்களையும் இரவல் கொடுத்திருந்தது. கூடவே கதையை வரிவரியாகப் படித்து, பிடிக்காததையெல்லாம் அடித்தும் கொடுத்திருந்தது. படத்தில் போலீஸ்காரன் குடிக்கக்கூடாது, கை நீட்டி வாங்கக்கூடாது, அவன் குறி தப்பக்கூடாது. அதைப் படித்தபோது ஹாஸ்கலுக்கே சிரிப்பு வந்தது.

கதை அவனுக்குப் புதிதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெர்ன் தெருவில் ஒரு வாடகை விடுதியில் கொள்ளைக்கூட்டம் பதுங்கியிருக்கிறதென்று துப்பு வந்து போலீஸ் உள்ளே நுழைந்தது. அன்றைக்கு நல்ல மழை. ரே காஸ்டிகன் என்ற இருபத்துநாலு வயசுக் காவலன் மாடிப்படிக்குக் கீழே குண்டடிபட்டு விழுந்து செத்தான். கூட்டத்துக்குக் கார் ஓட்டுகிற லானி டீக் படியின் மேலே கையில் துப்பாக்கியோடு நின்றான். மிரட்டத்தான் கூரையைப் பார்த்துச் சுட்டேன் என்று கோர்ட்டில் அழுதான். கொள்ளைக்காரன் அழுதால் யார் நம்பப்போகிறார்கள்? பையனைத் துளைத்த குண்டு செங்கலில் மோதி நசுங்கிவிட்டது. அது எந்தத் துப்பாக்கியுடையது என்று சொல்ல வழியில்லை. ஆகவே கண்ணால் பார்த்தவன் சொல்தான் எல்லாம். கேப்டன் டூலன் கூண்டேறி, சமையலறை வாசலில் நின்று பார்த்தேன், டீக்தான் சுட்டான் என்று சத்தியம் பண்ணினான். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்தேன் என்று ஹாஸ்கல் சத்தியம் பண்ணினான். டீக்குக்கு விஷவாயு அறை. தேதியும் குறித்தாகிவிட்டது, அக்டோபர் ஏழு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

ஹாஸ்கல் ஒன்றையும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. சுடுகிற சத்தம் கேட்டபோது அவன் கொல்லைப்புறத்தில் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான். ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டூலன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, "நீ எனக்குப் பின்னாடியே இருந்தே. நான் பார்த்ததை நீயும் பார்த்தே. ஒரு சாட்சின்னா வக்கீல் கடிச்சுத் துப்பிடுவான்," என்றான். கேப்டன் பார்த்தது நிஜம், நாம் அதற்கு இன்னொரு ஜோடிக் கண்ணை இரவல் கொடுக்கிறோம், அவ்வளவுதானே என்று ஹாஸ்கல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை நினைத்துக்கொண்டே இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினான். அடுத்த வசந்தத்தில் சார்ஜன்ட் பட்டையும் வந்தது.

ஏழாம் நாள் டெர்ன் தெரு விடுதியைக் கொட்டகைக்குள் நிறுத்தியிருந்தார்கள். நிஜ விடுதியை இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கி ஒரு வருஷம் ஆகிறது. செல்ட்ஸர் அரங்கு வரைகிற ஓவியனுக்குக் காசு அழுகிற ஆளில்லை. கோர்ட்டில் காட்டிய வரைபடம் இருக்கிறதே, அதைக் கொடு, அப்படியே கட்டிவிடுகிறோம் என்று ஹாஸ்கலிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். ஹாஸ்கலும் பெருமையாகத்தான் கொடுத்தான். தச்சன் கஸ் அதை வைத்து ஒட்டுப்பலகையில் அங்குலம் பிசகாமல் ஒரு சமையலறை, ஒரு நடை, ஒரு மாடிப்படி கட்டினான். கூரை மட்டும் கிடையாது. சினிமா வீட்டுக்குக் கூரை போடுகிற வழக்கமில்லை, மேலே விளக்குகள் தொங்கவேண்டுமே. டீக் சுட்டதாகச் சொன்ன அந்தக் கூரையைக் கோர்ட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, சினிமாவும் கட்டவில்லை.

வெர்னா பாட்ஸ் என்று ஒரு பெண்பிள்ளை அங்கே கன்டின்யுட்டி பார்த்தாள். முன் ஷாட்டில் இடது கையில் இருந்த சிகரெட் அடுத்த ஷாட்டில் வலது கைக்குத் தாவாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நாற்பதைத் தாண்டியவள், கழுத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள், யாரிடமும் வழிய மாட்டாள். அன்று காலை அவள் சமையலறை வாசலில் நின்று நெற்றியைச் சுருக்கினாள். அப்புறம் ஹாஸ்கலைக் கூப்பிட்டாள்.

"சார்ஜன்ட், இங்க வாங்க. அன்னிக்கு நீங்களும் கேப்டனும் நின்ன எடத்துல நில்லுங்க. என்ன தெரியுது?"

ஹாஸ்கல் போய் நின்றான். "சுவர் தெரியுது."

"எனக்கும் அதான் தெரியுது. கேப்டன் இங்கேர்ந்து அந்தப் பையனைப் பார்க்கணும். பார்த்த அடுத்த நொடி நான் பையனைக் காட்டணும். இவர் சுவரைப் பார்ப்பாரு, நான் பையனைக் காட்டினா ஒட்டுமா? கஸ் அளவைத் தப்பாப் போட்டுட்டானா?"

கஸ்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. வரைபடத்தைத் தரையில் விரித்து, டேப்பை இழுத்து, சரக்கறைச் சுவர் நடைக்குள் ஐந்தடி நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினான். கோர்ட் முத்திரையைக் காட்டினான். அளவு சரி. பன்னிரண்டு ஜூரிகள் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். காகிதத்தில் சுவர் வெறும் கோடு. அதை நிமிர்த்தி நிறுத்தினால் கண்ணை மறைக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, சாட்சி சொன்ன மகானுக்கும் தோன்றவில்லை.

ஹாஸ்கல் இடது பக்கம் சாய்ந்து பார்த்தான். குனிந்து பார்த்தான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். படிக்கட்டின் அடி தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் நாலு எட்டு நடைக்குள் நடந்து, சரக்கறை மூலையைத் தாண்ட வேண்டும். தாண்டினான். அங்கே காஸ்டிகனாக நடிக்கிற துணை நடிகன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, இவனுக்கு முதுகைக் காட்டி நின்று பன்னைத் தின்றுகொண்டிருந்தான். கோட்டுக்குள் போலீஸ் சீருடை இருப்பது பின்னாலிருந்து தெரியவில்லை. ஒரு முதுகு, அவ்வளவுதான். நிஜக் காஸ்டிகனுக்குக் குண்டு பாய்ந்தது காதுக்குப் பின்னால். எங்களைக் கூப்பிடத் திரும்பினான், அதனால்தான் பின்னால் பட்டது என்று டூலன் கோர்ட்டில் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

ஹாஸ்கலுக்கு விளங்கிவிட்டது. வாசலில் நிற்கவே இல்லை இந்த ஆள். மூலையைத் தாண்டி வந்து, முதுகைப் பார்த்து, யார் என்னவென்று கேட்காமல் சுட்டிருக்கிறான். நம் பையனை நம் கேப்டனே சுட்டுவிட்டு, மேலே நின்ற டிரைவர் தலையில் கட்டியிருக்கிறான். ஆணியடிக்க நான் சுத்தியல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கொட்டகைக்கு வெளியே ஓடி டயர்க் குவியலுக்குப் பக்கத்தில் காலைக் காபி முழுவதையும் வாந்தியெடுத்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது செல்ட்ஸர் விஷயத்தைத் தீர்த்துவிட்டிருந்தான். சுவர் மறைக்கிறதா, எடு சுவரை. சினிமாச் சுவர் எல்லாமே கழற்றி மாட்டுகிற சுவர்தான், கேமராவுக்கு வழி வேண்டுமென்றால் நாலு ஆணியைப் பிடுங்கி நகர்த்தி வைப்பது அன்றாட வேலை. இரண்டு பேர் சரக்கறைச் சுவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கக்கூஸ் பக்கம் சாய்த்து வைத்தார்கள். இப்போது வாசலிலிருந்து படிக்கட்டு பளிச்சென்று தெரிந்தது. டூலனாக நடிக்கிற, வயிற்றை இறுக்கிப் பட்டை கட்டிய அந்த மேனாமினுக்கி வாசலில் நின்று பார்த்தான், டீக்காக நடிக்கிறவன் சுட்டான், பையன் விழுந்தான். ஒரே டேக். செல்ட்ஸர் கையைத் தட்டினான்.

மத்தியானம் நிஜ டூலன் வந்தான், புகைப்படம் எடுத்துக்கொள்ள. நடிகனின் தோளில் கையைப் போட்டுப் பல்லைக் காட்டினான். அப்புறம் ஹாஸ்கலைத் தெருமுனை வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், ரொட்டிக்குள் வைத்த சாஸேஜ் இரண்டு வாங்கினான். ஹாஸ்கல் தன்னுடையதைத் தொடவில்லை. வாசலிலிருந்து படி தெரியாது கேப்டன் என்று மட்டும் சொன்னான்.

டூலன் மென்றுகொண்டே இருந்தான். மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"மழை, இருட்டு, கோட்டு போட்ட முதுகு ஒண்ணு. நீயா இருந்தாலும் சுட்டிருப்ப," என்றான். "அந்தப் பையனுக்காக நான் மாசாமாசம் சர்ச்சுல பூசை வைக்கிறேன், தெரியுமா?"

"டீக் சாகப்போறான் கேப்டன்."

"டீக் என்ன பாதிரியாரா? இதுல தப்பிச்சா வேற எதுலயாவது போவான். சரி, நான் பொய் சொன்னேன்னே வெச்சுக்க. தோளுக்குப் பின்னாலேர்ந்து பார்த்தவன் யாரு? பொய் சாட்சிக்கு என்ன தண்டனைன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

அவன் மேலுதட்டில் கடுகுச் சாந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தான். படத்தின் ஆரம்பத்தில் காட்டுவதற்கு செல்ட்ஸர் கேட்டிருந்த உறுதிச்சீட்டு. இந்தப் படத்தில் காணும் ஒவ்வொரு இடமும் போலீஸ் ஆவணப்படி அங்குலம் பிசகாமல் அமைக்கப்பட்டது, இப்படிக்கு ஆலோசகர். டூலனே கையெழுத்துப் போட்டால் தற்பெருமை மாதிரி இருக்குமாம். பேனாவையும் திறந்தே கொடுத்தான்.

இங்கேதான் ஹாஸ்கல் ஒரு கணக்குப் போட்டான். கோர்ட்டில் பண்ணியது சத்தியம், இது வெறும் சினிமாக் காகிதம், இதை யார் மதிக்கப்போகிறார்கள்? இப்போது போட்டுவிட்டு இந்தப் பிசாசை அனுப்பிவிடலாம், திங்கட்கிழமை நேராக டீக்கின் வக்கீலிடம் போகலாம். போட்டான். போட்ட கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை போகவில்லை. அடுத்த திங்களும் போகவில்லை. ஒரு நாள் வக்கீல் அலுவலகத்து மாடிப்படி வரை போய், எதிர்க்கடையில் சவரம் பண்ணிக்கொண்டு திரும்பிவிட்டான். ஆகஸ்ட் போய்ச் செப்டம்பரும் போனது. சீ, நீயும் ஒரு மனுஷனா என்று கண்ணாடியில் தெரிந்தவனைக் கேட்டான். கேட்டதோடு சரி.

அக்டோபர் மூன்றாம் தேதி போர்ட் ஆல்டனில் படத்தின் முதல் காட்சி. வெள்ளிக்கிழமை டீக் சாகிற வாரத்திலேயே வெளியிட்டால் கூட்டம் அள்ளும் என்று செல்ட்ஸர் தேதியைப் பார்த்துத்தான் வைத்தான். மேயர் வந்தார், பாண்டு வாத்தியம் வந்தது. ஹாஸ்கலுக்கு முதல் வரிசையில், காஸ்டிகனின் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம். விளக்கணைந்ததும் திரையில் அவன் கையெழுத்து வந்தது, ஒவ்வொரு எழுத்தும் ஆளுயரம். ஒரு கனத்த குரல் அந்த வாசகத்தை வாசித்தது. ஜனம் கைதட்டியது.

சுவர் இல்லாத நடை வந்தது. வாசலிலிருந்து கேப்டன் பார்த்தான், எல்லாரும் அவனோடு சேர்ந்து பார்த்தார்கள். படம் முடிந்ததும் காஸ்டிகனின் அம்மா ஹாஸ்கலின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிப் போச்சோ எம்புள்ளைன்னு ரெண்டு வருஷமா தூக்கமில்ல தம்பி," என்றாள். "இன்னிக்கு என் கண்ணால பார்த்துட்டேன். நீ நல்லாருக்கணும்."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக வக்கீல் ஏமஸ் பெல்லின் முன்னால் போய் நின்று, தொப்பியைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினான். பெல் வயசான ஆள், காலையிலேயே விஸ்கி வாசம் அடித்தது, ஆனால் காது கூர்மையாக இருந்தது. வாக்குமூலம் மட்டும் போதாது, ஏதாவது பொருள் வேண்டும் என்றான். ஹாஸ்கல் ஹாலிவுட்டுக்கு ஓடினான். சுவரைக் கழற்றுவதற்கு முன்னால் வாசலிலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் வெர்னாவின் கோப்பில் இருந்தது. எந்த அரங்கையும் படப்பிடிப்புக்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். அதில் சுவர் மட்டும்தான் தெரிந்தது. வெர்னா அதை உடனே எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னிக்கு டயர் பக்கத்துல வாந்தியெடுத்தப்பவே எனக்குத் தெரியும்," என்றாள். "இதக் கேக்க இவ்வளவு நாளா?"

புதன்கிழமை முழுக்கக் காரில் ஓடி, வியாழன் காலை மாநிலத் தலைநகரில் கவர்னரின் செயலாளர் முன்னால் ஹாஸ்கலும் பெல்லும் உட்கார்ந்தார்கள். கருணை மனுக்களை அவர்தான் பார்ப்பது. மெலிந்த, சுத்தமான, அவசரப்படாத மனிதர். ஹாஸ்கல் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டார். புகைப்படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். படத்தின் விளம்பரம். அதில் கட்டம் போட்டு ஹாஸ்கலின் உறுதிச்சீட்டும் கையெழுத்தும் அச்சாகியிருந்தன.

"இது ஒட்டுப்பலகை அரங்குன்னு நீங்களே சொல்றீங்க," என்றார். "சுவர் இருக்கிற அரங்கு சரியா, இல்லாத அரங்கு சரியா? இல்லாததுதான் அங்குலம் பிசகாம சரின்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுவும் எப்போ? உண்மை தெரிஞ்ச அன்னிக்கே, வாந்தியெடுத்த அன்னிக்கேன்னு சொல்றீங்க. கோர்ட்ல ஒரு ஹாஸ்கல், சினிமால ஒரு ஹாஸ்கல், இங்க ஒரு ஹாஸ்கல். நான் யாரை நம்பட்டும்?"

பெல் வரைபடம் என்றான், கோர்ட் முத்திரை என்றான், குரலை உயர்த்தினான். அந்த வரைபடத்தை ஜூரிகள் பார்த்துத்தானே தீர்ப்புச் சொன்னார்கள் என்றார் செயலாளர். சாவுக்கு முந்தின நாள் மனசாட்சி வந்து கதவைத் தட்டுகிற சாட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார். அவர் கெட்டவராகவும் தெரியவில்லை. ஹாஸ்கல் அவர் இடத்தில் இருந்தாலும் ஹாஸ்கலை நம்பியிருக்க மாட்டான்.

அவனைக் கைது செய்யக்கூட யாரும் முன்வரவில்லை. டூலன் காதுக்கு விஷயம் போய், பாவம், களைத்துப்போயிருக்கிறான், இரண்டு நாள் லீவு கொடுங்கள் என்று சொல்லிவிட்டானாம்.

வெள்ளிக்கிழமை காலை போர்ட் ஆல்டன் தியேட்டரில் ஒன்பது மணிக் காட்சிக்கு ஹாஸ்கல் டிக்கெட் வாங்கினான். வேறு எங்கே போவதென்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் சுவர்க் கடிகாரம் இருந்தது. அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. இன்றைக்குத்தானே அவனுக்கு என்று வெளியே வரிசையிலேயே பேசிக்கொண்டார்கள், பெண்பிள்ளைகள்கூட. அவன் கையெழுத்து வந்தது, போனது. துரத்தல், சண்டை, மழை. கைக்கடிகாரத்தின் பச்சை முள்ளைப் பார்த்தான், பத்தடிக்க இரண்டு நிமிஷம். திரையில் டூலன் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டான்.

ஹாஸ்கல் எழுந்து நின்றான். புரொஜக்டர் வெளிச்சத்தில் அவன் தலையின் நிழல் திரையில் விழுந்தது.

"அங்க ஒரு சுவர் இருந்துச்சு," என்றான். சத்தமாகத்தான் சொன்னான். "அங்கேர்ந்து ஒண்ணும் தெரியாது. நான் பார்க்கவே இல்ல."

நாலு பேர் சிரித்தார்கள். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். பின்வரிசையில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த ஆள் முன்னால் சாய்ந்து அவன் முதுகைத் தட்டினான்.

"யோவ், உட்காருய்யா. சுடற நேரத்துல மறைச்சுக்கிட்டு நிக்கறியே."

ஹாஸ்கல் உட்கார்ந்தான்.